பனியில் காய்ந்த சட்டை

"யாரு வீட்ல துவைச்ச, அலிஸ்டர்?" கணவனின் சட்டையைத் தூக்கிப் பிடித்து, டோரீன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். துணிக்குப் போடும் வாசனை எதுவானாலும் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். ஹாலிஃபாக்ஸில் அவர்கள் வீட்டில் வாசனையில்லாத சோப்புத்தூள்தான்.

"நம்ம மெஷின்லதான் தாயே! போலீஸ் நாய் மாதிரி மோந்து பாக்காத."

சட்டையில் லாவண்டர் மணத்தது. அவனுடைய முதல் மனைவி, செத்துப்போன மார்னி, துணிக்குப் போட்டு வந்த வாசனையும் அதுதான்.

"செத்தும் உன் சட்டையை விடமாட்டேங்கிறாளே அவ!"

பொறாமையில் வெந்த டோரீன் சட்டையை மூன்று முறை அலசினாள். பனிக்காற்றில் காயட்டும் என்று கொல்லைக் கொடியில், கைகள் நேராகத் தொங்க, கிளிப் போட்டாள்.

மத்தியானம் சட்டை பலகையாக உறைந்திருந்தது. இரண்டு கைகளும் முன்னால் வளைந்து, ஓர் ஆள் நிற்க நடுவில் இடம் விட்டு, யாரையோ கட்டிக்கொண்டிருந்தன.

"உள்ள எடுத்துட்டு வா, ஐஸ் உருகட்டும்" என்றான் அலிஸ்டர்.

நீங்க என்ன சொல்றீங்க, அதை வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரலாமா?