வலது பக்கக் கீறல்

கணவன் கால் ஒடிந்து வீட்டில் கிடக்கும்போது, மனைவி அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லிலும் மணலிலும் சுற்றினால் புதுப்பட்டினத்தில் எந்தத் தெரு சும்மா இருக்கும்?

ஜெயக்குமாரின் அக்கா ஸ்ரீதேவி, செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்ததே அதைக் கேட்கத்தான்.

"அவன் காலு இப்டி கீது. உனக்கு பைக் கேக்குதா?"

சுஜாதா குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, தன் ஸ்கூட்டரில் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அது ஸ்ரீதேவிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஜெயக்குமாருக்குக் காட்டுத் தடத்தில் பைக் ஓட்டுவதென்றால் உயிர். போன மழைக்குப் பிறகு திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி ஒரு பாறைச் சரிவில் ஏறும்போது சறுக்கிவிட்டது. பைக் வலது கால்மேல் சாய்ந்தது. பாறைக்கும் பைக்குக்கும் நடுவில் கணுக்கால் மாட்டி நசுங்கியது. ஆபரேஷன் செய்து எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். நடக்கலாம், ஆனால் அந்தக் கணுக்கால் இனி மடங்காது. பைக்கின் பின் பிரேக்கை வலது காலால்தான் மிதிக்க வேண்டும். அதோடு முடிந்தது என்று அவனே பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னான். அதற்கப்புறம் மொபைல் கடை வேலைக்கு ஆட்டோவில் போவான். வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அந்தத் தார்ப்பாயைத்தான் சுஜாதா உருவினாள்.

யாரிடமும் கேட்கவில்லை. நேரே முனிசாமியின் பட்டறைக்கு பைக்கைக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது என்ஜினுக்கு அடியில் அலுமினியத் தகடு, கைப்பிடிக்கு கார்டு, விழுந்தால் தாங்க இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் குழாயில் கிராஷ் கார்டு என்று ஆளே மாறியிருந்தது. கால் போன பிறகு கார்டு மாட்டுகிறாளே என்று தெரு சிரித்தது.

அதோடு விட்டாளா? ஞாயிறு விடிந்தால் சவுக்குத் தோப்பு மணலுக்குப் போனாள். மணல் பழகியதும் பாறைத் தடம். ஒவ்வொரு தடவையும் பேண்ட் கிழிந்து, முழங்கை உரிந்து வந்தாள். வந்த கையோடு மறுபடி பட்டறை. கார்டை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளு, இப்படி வளை, அப்படி வளை என்று முனிசாமியை ஒருவழி ஆக்கிவிட்டாள். விழுந்தாலும் விடமாட்டாள் போலிருக்கிறது என்று அவரே அலுத்துக்கொண்டார்.

ஜெயக்குமார் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மனசு வலித்தது. ஒரு நாள் மட்டும் கேட்டான்.

"வண்டி நல்லா ஓடுதா?"

"இன்னும் சரியா வரல மாமா" என்றாள். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவ மனசுல நீ இல்லடா. வண்டிதான் கீது. வித்துத் தொலை."

"வித்துடுக்கா" என்றான் ஜெயக்குமார்.

அடுத்த ஞாயிறே வாங்குகிற ஆளோடு ஸ்ரீதேவி வந்துவிட்டாள். சுஜாதா அன்றைக்கும் விடியலிலேயே கிளம்பிப் போயிருந்தாள். தலையெல்லாம் புழுதியோடு அவள் வந்து இறங்கியதும், ஸ்ரீதேவி சாவியை வாங்கி அந்த ஆளிடம் கொடுத்தாள். சுஜாதா தடுக்கவில்லை.

வந்தவர் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம் பூராவும் கீறல். இடது பக்கம் புதுசாகவே இருந்தது.

"இன்னாம்மா, ஒரே பக்கமாவே வுழுவீங்களா?"

ஓட்டத் தெரிந்தால்தானே என்று ஸ்ரீதேவி முணுமுணுத்தாள்.

வந்தவர் பைக்கை எடுத்தார். தெருமுனை வரைகூடப் போயிருக்க மாட்டார். நிறுத்த வலது காலால் துழாவினார். துழாவிக்கொண்டே போய், காலைத் தரையில் தேய்த்து, கடைசியில் முன் பிரேக்கைப் பிடித்து எப்படியோ நிறுத்தினார். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"கால் பிரேக்கே இல்லம்மா இதுல."

சுஜாதா இடது கைப்பிடியைக் காட்டினாள். கிளட்ச்சுக்குக் கீழே இன்னொரு சின்ன லிவர் இருந்தது. பின் பிரேக் அங்கே ஏறியிருந்தது. இதை எவன் ஓட்டுவான் என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

ஜெயக்குமார் எப்போது வாசலுக்கு வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. நொண்டி நொண்டி வந்து அந்த லிவரைத் தொட்டான். அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"என் ஸ்கூட்டர்ல கையாலதான பிரேக் புடிக்கிறேன். அதான் இதுலயும் மாத்தச் சொன்னேன்" என்றாள் சுஜாதா.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சரியா வராம போய்ட்டா, நீ திரும்பவும் ஒடிஞ்சி பூடுவ."

ஸ்ரீதேவி முந்தானையால் சீட்டில் இருந்த புழுதியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஜெயக்குமாருக்கு ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை.

"பிரேக்கு சரி. அது இன்னா, எப்பவும் வலது பக்கமே வுழுந்துகினு இருந்த?"

சுஜாதா குனிந்து வலது காலின் பேண்டைச் சுருட்டினாள். கணுக்காலைச் சுற்றிப் பழைய காயம், ஆறுகிற காயம், கன்றிப்போன நீலம்.

"வேணும்னுதான் வுழுந்தேன் மாமா. வண்டி சாஞ்சா கார்டு தாங்கணும், அடியில காலு மாட்டக் கூடாது. இன்னிக்குத்தான் என் காலு மாட்டல. நீ ஏறு."