ஏழு மணி அளவு

ஆல்ப்ஸ் மலைமேல் தனியாக இருந்து தினமும் பனியை அளந்து சொல்பவர் கஸ்பார். கீழே எழுதிக்கொள்பவள் ரெகுலா. காலை ஏழுக்கு போன் அடித்தது.

"சொல்லுங்க கஸ்பார்."

"புதுப்பனி முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கிழக்குச் சரிவுல அடிப்பனி சர்க்கரை மாதிரி உதிருது. ஒருத்தன் கால் வச்சாப் போதும், மொத்தமும் சரிஞ்சிடும்."

"தனியாப் போய்க் குழி தோண்டிப் பார்த்தீங்களாக்கும்! புதைஞ்சா யாரு தோண்டி எடுப்பா?"

"நீங்க ஒரு திட்டு திட்டுங்க அம்மணி, பனி தானா உருகிடும்."

ரெகுலா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகம் மலையெங்கும் கருவி நட்டு இரண்டு வருடமாகிறது. "இனி நீங்கள் அளக்க வேண்டாம்" என்று கஸ்பாரிடம் சொல்வதுதான் அங்கே வேலை பார்த்த ரெகுலாவுக்கு ஓய்வுபெறும் நாளில் கொடுத்த கடைசி வேலை. சொல்ல மனசு வரவில்லை. "நம்பர் மாறிடுச்சு, எழுதிக்கோங்க" என்று தன் வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வருகிற போன் இது ஒன்றுதான்.

"நாளைக்கும் ஏழு மணிக்குத்தானே?" என்றாள்.

"வேற எங்க போகப் போறேன்?" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "என் வாசல்ல நட்ட கருவி ரெண்டு வருஷமா ஆபீசுக்குத் தானாவே அளந்து அனுப்பிடுது அம்மணி. இன்னிக்கு அதுல முப்பத்தஞ்சு. நமக்கு முப்பத்திரண்டே இருக்கட்டும்."