கனத்த கிளட்ச்

காஜா பெராங் வட்டாரத்திலிருந்த கார் பட்டறைக்குள் தேவதாஸ் காரோடு நுழைந்ததுமே சீறினான்.

"சின்னக் காருக்குப் பெரிய இன்ஜினை மாத்தினீங்களே பாய், கிளட்ச் இரும்பாட்டம் கனக்குது! நாளைக்கு மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துல நான் ஓட்டணும்."

மெக்கானிக் ஜெய்னுலாப்தீன் மறுபடியும் கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றினார், பெடல் அச்சுக்கு கிரீஸ் தடவினார்.

"இப்ப மிதிங்க தம்பி."

தேவதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். பெடல் பாதிகூட இறங்கவில்லை.

"எங்க பாய் லேசாச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சீதா குனிந்து ஒரு கையால் அழுத்தினாள். பெடல் தரைவரை போனது.

அவள் முகம் வெளுத்தது.

"போன தடவையே லேசாயிருச்சு தம்பி. சொல்ல எனக்கு வாய் வரல" என்றார் பாய்.

தேவதாஸ் தன் இடது காலைக் கைகளால் தூக்கி வெளியே வைத்தான்.

"பாய், ஆஸ்பத்திரிவரைக்கும் நீங்க ஓட்டுறீங்களா?"