எஸ். மகாராஜன், மூலக்கூறு உயிரியல்

காலேஜ் வாசலில் மகாராஜன் படத்துக்கு ரோஜா மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நின்று பார்த்து, "சின்ன வயசுதான், பாவம்" என்று உச்சுக்கொட்டினாள்.

பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்த மகாராஜனுக்கு, 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று அவருக்கு நடக்கவிருந்த பாராட்டு விழா முடிந்த பிறகும் அப்படிச் சொல்ல முடியுமா என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் அங்கே மூலக்கூறு உயிரியல் பேராசிரியர். உளுந்துக்கு வரும் மஞ்சள் தேமல் நோயைப் பற்றி மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்தார். நம் கட்டுரையை இன்னொரு கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். அவருக்கு இரண்டு இருந்தன. இரண்டையும் போட்டவர் அவரேதான்.

"நீங்களே சமைச்சு, நீங்களே சாப்பிட்டு, நீங்களே ஏப்பம் விடுதிய" என்பாள் மனைவி ராஜகுமாரி.

"அதுலயும் ரெண்டாவது தடவ எனக்கே சரியா செரிக்கலட்டி" என்பார் அவர்.

போன மாசம் திடீரென்று அந்த இரண்டு, ஆயிரத்து எண்ணூறாகிவிட்டது. எஸ். மகாராஜன் என்ற பெயரில் யாரோ புற்றுநோய் மரபணு பற்றி எழுதிய கட்டுரைகளை எல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே இணையத்தில் இவர் கணக்கில் சேர்த்திருந்தது. இவர் அதை நீக்குவதற்குள் தாளாளர் துரைப்பாண்டி பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, அது என்னுது இல்ல. பேர்க் குழப்பம்."

"என்னா தன்னடக்கம்வே உமக்கு! விழா எடுக்கோம். அடுத்த துறைத்தலைவர் நீருதான்."

துறைத்தலைவர் என்றதும் மகாராஜனின் மறுப்பு கொஞ்சம் சுருதி இறங்கியது. மறுநாள் அது சுத்தமாக நின்றேபோனது.

அப்புறம்தான் துரைப்பாண்டி அந்தச் செய்தியைச் சொன்னார். "சிறப்பு விருந்தினர் யாரு தெரியுமா? வடக்க பெரிய ஆராய்ச்சி நிலையத்துல டைரக்டர். நம்ம பக்கத்து ஊரு திருவேங்கடத்துக்காரர். அவர் பேரும் எஸ். மகாராஜன்தான்! டைரக்டர் ஆனதே புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத்தானாம்."

கட்டுரைகளுக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று மகாராஜன் முடிவுகட்டினார். திருட்டுப் பொருளை மேடையில் வைத்துக்கொண்டு, பறிகொடுத்தவர் கையாலேயே பொன்னாடை வாங்கப் போகிறோம்!

"போன்ல பேசும்போது, 'உங்க மகாராஜன் சார் கோவக்காரரா'ன்னு கேட்டாரு" என்றார் துரைப்பாண்டி. "பச்சப்புள்ளன்னு சொன்னேன்."

'அடிச்சா திருப்பி அடிப்பனான்னு விசாரிக்காரு' என்று மகாராஜன் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த டைரக்டர் வந்துவிட்டார். மேடை ஏறுமுன் மகாராஜனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று விருந்தினர் அறையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்.

மகாராஜன் உள்ளே போனதும் டைரக்டரே எழுந்து வந்து கதவைச் சாத்தினார். ஏசி ஓடியும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சார், மொதல்ல நான் சொல்லிருதேன்" என்று மகாராஜன் முந்திக்கொண்டார். "அந்தப் புற்றுநோய்க் கட்டுரையில ஒரு வரிகூட நான் எழுதல. எனக்கு உளுந்தத் தவிர ஒண்ணும் தெரியாது. அதுவும் பாதிதான் தெரியும். எல்லாம் உங்களோடது. மேடையிலயே உண்மையச் சொல்லிருதேன். துறைத்தலைவர் பதவியும் வேண்டாம். என்னை மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு மாசத்தில் முதல் முறையாக நன்றாக மூச்சு விட்டார்.

டைரக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு மகாராஜனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னோடதா? அதெல்லாம் உம்மோடதுன்னு நெனச்சு மன்னிப்புக் கேக்கத்தானவே நான் இம்புட்டு தூரம் வந்தேன்!"