புதுச் செருப்பு

"நாளைக்கு நான் காலேஜுக்குப் போகலை அத்தை. எனக்கு இடம் கிடைச்சதே லேட்டு. வகுப்பு ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. புதுசா போய் நின்னா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க."

சொல்லிவிட்டு அண்ணன் மகள் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். தையல் கடையிலிருந்து வந்த அத்தை, நொண்டிக்கொண்டே போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"அடி அசடே, நான் பண்ணின தப்பை நீயும் பண்ணாதே. முதல் நாள் புதுச் செருப்பு போடாதே, கடிச்சுத் தொலைக்கும். கடைசி பெஞ்சு வேண்டாம், போர்டு தெரியாது. சந்தேகம் வந்தா உடனே கேட்டுடு. நான் வாயை மூடிக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சேன்."

"உங்க காலம் வேற அத்தை. உங்களை யார் வேடிக்கை பாத்திருப்பாங்க?"

"பாக்காமலா? நான் உள்ளே நுழைஞ்சதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்னு, 'குட்மார்னிங் மேடம்'னு சொல்லிச்சு!"

போர்வை சட்டென்று விலகியது.

"மேடமா? எப்ப நடந்தது இது?"

"போன திங்கக்கிழமை." அத்தை செருப்புக் கடித்த குதிகாலைத் தடவிக்கொண்டாள். "நானும் சேர்ந்துட்டேன்டி, உன் வகுப்புலதான். வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லலை. முன் பெஞ்சுல உனக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்கேன். அங்கே வந்து அத்தைன்னு மட்டும் கூப்பிட்டு மானத்தை வாங்கிடாதே!"

அண்ணன் மகள் சிரித்துக்கொண்டே எழுந்து, தன் பழைய செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.