கல்லில் மூன்று பேர்

பேரலை வந்த மறுநாளே இறந்தவர்களின் பட்டியலை எழுதிவிட்டார்கள். தையல்நாயகி நான்காம் நாள்தான் கருவேலங்காட்டிலிருந்து உயிரோடு நடந்து வந்தாள். பட்டியலை யாரும் திருத்தவில்லை. கடலைப் பார்த்து நட்ட கறுப்புக் கல்லில் அவள் பெயரும் ஏறிவிட்டது. வருடாவருடம் ஊரார் அங்கே பால் ஊற்றும்போது அவளும் ஒரு சொம்போடு வருவாள். புருசன் பெயருக்கு, மகள் பெயருக்கு, பிறகு தன் பெயருக்கும் ஊற்றுவாள்.

இந்த வருடம் பஞ்சாயத்துக்காரர் மாசிலாமணி கல்வெட்டுகிறவரைக் கூட்டிவந்து, அவள் பெயரை மட்டும் தேய்த்துவிடச் சொன்னார். தையல்நாயகி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கல்லை மறித்து நின்றாள்.

"உசுரோட இருக்கறவ பேரு இதுல இருக்கப்படாதுக்கா. ஊருக்கே ஆகாது."

"மேல எம் புருசன், கீழ எம் மக, நடுவுல நான். என்னை மட்டும் எழுப்பிட்டு, அதுங்க ரெண்டையும் தனியா போடப் பாக்குறியா?"

"கல்லுல உள்ளது பொய்யில்ல?"

"பொய்தான். இருக்கட்டும். அதோ கெடக்குதே, அது என்னையும் முழுங்கிட்டதா நெனச்சு ஏமாந்து கெடக்கட்டும்."

கல்வெட்டுகிறவரின் டப்பாவில் விரலை விட்டு, மங்கிக் கிடந்த தன் பெயரின் ஒவ்வோர் எழுத்திலும் வெள்ளைச் சாயத்தை அழுத்தி நிரப்பினாள். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கடலில் இறங்கினாள். முழங்காலில் அலை அடிக்க நின்று, கரைக்கு வந்துகொண்டிருந்த படகைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னைக்கி என்னடா மீனு?"