ஆலங்குளத்துச் சதுரம்

துண்டுத்துணிப் போர்வை தைக்கும் தோழிகள், அவரவர் ஊரை ஆளுக்கொன்றாகச் சதுரத்துணிகளில் தைத்துத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள்; வந்த சதுரங்களை இணைத்து ஆளுக்கொரு போர்வை. ஏற்பாடு ஆவுடைத்தாயுடையது. அவள் இணைத்து முடித்த போர்வையைப் பார்த்ததும் பானுப்பிரியாவின் முகம் சுருங்கியது.

“எங்க ஆலங்குளத்தை மட்டும் மூலையில ஒதுக்கிட்டீகளேக்கா. சிமென்ட் ஊருன்னா எளக்காரமா? அடுத்த தடவ என்னைக் கூப்பிடாதீக.”

“கோவிக்காதம்மா. நீ புகைபோக்கியில தீப்பொறி வேற தச்சிருக்க. எங்க சிவகாசிச் சதுரத்துல அம்புட்டும் சரவெடி. அதான் நடுவுல ஆனைக்குட்டம் அணையை வச்சேன்.”

“வெறும் துணிதானக்கா?”

“துணிதான். போத்திக்கப்போறது எங்க வீட்டுக்காரரு. பட்டாசுக் கம்பெனி போர்மேன். அவருக்குத் தூக்கம் வரணும்ல?”

பானுப்பிரியா அவசரமாக எழுந்தாள்.

“கத்திரி இருந்தாக் குடுங்கக்கா. நான் எங்க வீட்டுப் போர்வையில அந்த ரெண்டு சதுரத்தையும் ஒட்டித் தச்சு, பிள்ளைக்குப் போத்திவிட்டு வந்திருக்கேன்.”